பீடி நேரம்

— வாயத் தொற மாமா.

— ட்ரெயின்ல வெச்சா? உடும்மே, எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். வேளச்சேரியில ஏறும்போதே வாடை வந்துச்சு. பக்கத்துல நின்னவன் மேலதான்னு நெனச்சிக்கினு கம்முனு இருந்தேன். அவன் பெருங்குடியில எறங்கிட்டான். வாடை எறங்கல.

— சட்டையில ஒட்டிக்கீது. சைட்டுல சுத்தி நின்னுக்கினு எல்லாரும் ஊதறானுங்க. பின்ன, சந்தன வாடையா வரும்?

— சட்டைய மோந்து பாத்துட்டுதான் பேசறேன். தொறன்னா தொற.

— ஆ. பாத்துக்கோ.

— தூ! பீடி.

— ஒண்ணுதாம்மே.

— ஒண்ணா! டாக்டர் இன்னா சொன்னாரு? உன் வாயால சொல்லு, அந்த நாத்த வாயாலயே சொல்லு.

— ஒரு இழுப்பு கூட கூடாதுன்னாரு.

— ஏன் கூடாதுன்னாரு?

— கால்ல ரத்தக் கொழா சுருங்கிப் போச்சாம். பீடிய உட்டா காலு தப்பிக்குமாம். புடிச்சா... எல்லாம் தெரிஞ்சிக்கினே கேக்கறியே.

— நீ மறந்துட்டியோன்னு கேக்கறேன். கால் சுண்டு வெரல எடுத்தாங்க. அடுத்த வாட்டி வெரல் இல்ல, பாதம்னு சொன்னாரு. நான்தானே பக்கத்துல நின்னேன். தீபாவளியிலேந்து நீ தொடல. புண்ணும் காஞ்சிக்கினு வந்துச்சு. தெருவுல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன், எங்காளு பீடிய உட்டுட்டாருன்னு. நல்லா சொன்னேன் போ.

— இப்பவும் காஞ்சிக்கினுதான் கீது.

— ஷூவக் கழட்டு, பாக்கலாம்.

— இத்தினி பேரு மூஞ்சிக்கு நேரா நீட்டச் சொல்றியா? வூட்டுல காட்டறேன். தோ, எடம் காலியாச்சு பாரு. நீ குந்து.

— நீ குந்து.

— காலையிலேந்து ஜல்லி தூக்கினவ நீ. குந்தும்மே.

— உன் காலுக்குத்தான் டாக்டர் சொல்லிக்கீறாரு. என் காலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நான் குந்தினா அப்பாலிக்கா எழுந்துக்க முடியாது, அப்படியே மரத்துப் போயிடும். குந்துயா, வேற எவனாவது வந்துடப் போறான்.

— கோச்சுக்காத தேசம்மா. நாளையிலேந்து தொடமாட்டேன். சத்தியமா.

— சத்தியம் கெடக்குது. ஆஸ்பத்திரில பீடி உடறவங்களுக்கு யோசனை சொல்ற மேடம் கீறாங்களே, ஹம்சினி மேடம். அவங்க இன்னா சொல்லி அனுப்பினாங்க?

— கிராம்பு மெல்லு, தண்ணி குடி, கொஞ்சம் நடந்துட்டு வான்னாங்க.

— அது புடிக்காம இருக்கறதுக்கு. தப்பித் தவறி புடிச்சிட்டா?

— அதான் போச்சேன்னு அடுத்ததப் பத்த வெக்காதன்னாங்க. ஏன் புடிச்சோம்னு யோசி, அத சரி பண்ணு, அப்பால திரும்ப ஆரம்பின்னாங்க.

— ஆங். அத்தான் கேக்கறேன். ஏன் புடிச்ச?

— ஆசையா இருந்துச்சு.

— பொய்யி. உனக்கு ஆசை வந்தா ராத்திரிதான் வரும். பொரண்டு பொரண்டு படுத்துக்கினு என்னையும் தூங்க உடமாட்ட. பகல்ல உனக்கு ஆசை வராது.

— எலக்ட்ரிக் வேலை செய்யற ஜைத் கீறான்ல, அவன் நீட்டினான். வேணாம்னு சொன்னா மனசு நோவும்னு...

— ஜைத் நோம்புல கீறான் மாமா. எச்சிலக் கூட முழுங்காம ஒயர் இழுத்துக்கினு கீறவன் உனக்கு பீடி நீட்டினானா? பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்.

— அட, உடு.

— பாக்கெட்டுல இன்னா தூக்கிக்கினு கீது?

— கிராம்பு.

— இம்மாம் பெரிய கிராம்பா? எடு. எடுன்றேன்ல... அடப்பாவி மனுசா. முழு கட்டு. அதுலயும் பாதி காலி.

— கத்தாதம்மே.

— ஒண்ணுன்னு சொன்னியே.

— இன்னிக்கு மட்டும் இல்ல. ரெண்டு மூணு நாளா புடிக்கறேன்.

— மாமா...

— குந்தறதுக்கும்மே.

— இன்னாது?

— குந்தறதுக்குத்தான் புடிச்சேன். ஏழாவது மாடியில ஏகாம்பரம் மேஸ்திரி ஒருத்தனையும் சும்மா குந்த உடறதில்ல. கலவை சட்டிய எறக்கி வெச்சிட்டு செவுத்துல சாஞ்சாலே, ‘இன்னா தணிகாசலம், மாமியார் வூட்டு விருந்துக்கு வந்துக்கீறியா’ன்றான். ஆனா எவனாவது ஒரு பீடிய எடுத்து வாயில வெச்சான்னு வெய்யி, கண்டுக்கமாட்டான். அது முடியற வரைக்கும் குந்தலாம். அவனும் பீடி புடிக்கறவன்தானே, அது அவன் நியாயம். நான் உட்டதுலேந்து எல்லாரும் வட்டமா குந்திக்கினு ஊதுவானுங்க, நான் மட்டும் படியேறிக்கினே இருப்பேன். ‘நீதான் சாமியாரா ஆயிட்டியே, சும்மா நிக்காம அந்த சட்டிய ஏத்து’ன்றான்.

— காலு முடியலன்னு சொல்றதுதானே.

— சொன்னா இன்னா ஆவும்? வெரலு போனதே அவனுக்குத் தெரியாது. ஷூவுக்குள்ள பஞ்சு அடச்சிக்கினு நொண்டாம நடக்கறேன். தெரிஞ்சா மறுநாள் கேட்டுலயே நிறுத்திடுவான். நல்ல காலு ரெண்டு வெச்சிக்கினு வெளிய ஆளுங்க நிக்கறாங்க.

— ஒண்ணுக்குப் போறேன்னு போயி எங்கனா குந்து.

— அதையும் பாத்தேன். பின்னாடியே ஆள அனுப்பறான். எனக்கு சக்கரை கீதான்னு வேற எல்லார் முன்னாடியும் கேக்கறான்.

— டைல்ஸ் போடற ஷரஃபுதீன் பாய் எழுந்து தொழுவப் போறாரு, வராரு. அவர இன்னா சொல்றான்?

— அவரு சதுர அடி கணக்கு. எழுந்து போனா அவருக்கு நட்டம். நானு நாள் கூலி. நான் குந்தினா மேஸ்திரிக்கு நட்டம்.

— அப்ப ஒண்ணு பண்ணு. பீடியப் பத்த வெச்சி கையில புடிச்சிக்கினு குந்து. இழுக்காத.

— அப்படித்தாம்மே ஆரம்பிச்சேன்! கையிலதான் வெச்சிக்கினு இருந்தேன். பாழாப்போன பீடி, இழுக்காட்டி அணைஞ்சிடுது. அணைஞ்சா, ‘முடிஞ்சிச்சில்ல, எழுந்திரு’ன்றான். சரி, அணையாம இருக்கட்டும்னு ஒரு இழுப்பு. அப்பால இன்னொரு இழுப்பு. அதுக்கப்பால எதுக்கு இழுக்கறேன்னே தெரியல. கையி தானா போவுது வாய்க்கு.

— சிகரெட்டு?

— அது தானா எரியும், நெசம்தான். நம்ம வாங்கற கூலிக்கு சிகரெட்டு. இன்னும் கார் வாங்கச் சொல்லு.

— வேற சைட்டுக்குப் போலாம் மாமா.

— எல்லா சைட்டுலயும் இதான். நான் பாக்காத சைட்டா? கீழ உங்களுக்கு மேல்பார்வை பாக்கறானே மேஸ்திரி தம்பி, அவனும் இதே கணக்குதான்.

— ஆமா. அவனும் இதே கணக்குதான்.

— எதுனா சொல்லும்மே. திட்டவாவது திட்டு.

— திட்டிக்கினுதான் கீறேன். உள்ள.

— கோட்டூர்புரம் தாண்டிடுச்சு. தோ, ஆத்துப் பாலம் வருது. அந்த பீடிக் கட்ட வெளிய தூக்கிப் போடு. என் கண்ணுல படாம போவட்டும். மறுபடி மொதல்லேந்து ஆரம்பிக்கறேன்.

— குந்தறதுக்கு?

— குந்தமாட்டேன். நின்னுக்கினே சமாளிக்கறேன்.

— நின்னா உன் காலு தாங்குமா?

— புடிச்சாலும் போவுது, நின்னாலும் போவுது. இன்னா பண்ணச் சொல்ற? போடு தேசம்மா. பாலம் போவுது பாரு.

— இரு. ஒண்ணு கேக்கறேன். ஏழாவது மாடியிலேந்து எட்டிப் பாத்தா கீழ நாங்க ஜல்லி தூக்கறது தெரியுமா?

— தெரியும். தெனம் பாக்கறேனே. பச்சை முக்காடு போட்டுக்கினு போனா அது நீதான்.

— நான் குந்தி பாத்துக்கீறியா?

— சாப்பாட்டு நேரத்துல...

— அத உடு. மத்த நேரத்துல?

— இல்ல.

— ஏன் இல்ல?

— நீங்கதான் பீடி புடிக்கறதில்லியே.

— ஆங்.

— பாலம் போயிடுச்சு. இன்னாத்துக்கும்மே அத முந்தானையில முடியற? போடத்தானே சொன்னேன்.

— உனக்கு இல்ல, பயப்படாத. நீ குந்தறதுக்கு எப்படி வழி பண்றதுன்னு எனக்கும் தெரியல மாமா. நாளைக்கு நானு ஒண்ணு பத்த வெச்சிக்கப் போறேன்.

— பைத்தியம் புடிச்சிக்கீதா உனக்கு? ஒரு பொம்பள சைட்டுல பீடி புடிச்சா, அவனுங்க இன்னா இன்னா சொல்வானுங்க தெரியுமா?

— சொல்லட்டும். குந்திக்கினே கேட்டுக்கறேன்.