ஸ்பூன் பாய் கடைக்கு ஒரு பூட்டு

— சும்மா இருங்கன்னு சொல்லாத, ஐசு. எம்பட கடை, எம்பட அலமாரி, பூட்டு மட்டும் சர்க்காருது.

— இருமல் மருந்து இருக்கற ஒரு தட்டைத்தானுங்க இன்ஸ்பெக்டர் பூட்டியிருக்காரு. மொதல்ல உக்காருங்க.

— லைசன்ஸுக்கு ஃபீஸ், புதுப்பிக்க ஃபீஸ். எதுக்குடான்னா, மருந்தைப் பரிசோதிக்கறதுக்காமா. இத்தன வருசத்துல ஒருத்தன் எட்டிப் பாக்கல. இன்னிக்கு வந்து பூட்டிட்டான். அந்தப் பூட்டுக்கும் நாந்தான் காசு கட்டியிருக்கேன், கேட்டியா.

— வரலீன்னும் திட்டறீங்க, வந்தாலும் திட்டறீங்க.

— சந்தை நாளாப் பாத்தா வரோணும்? கொழிஞ்சாம்பாறையே வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குது. பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிக்கற கொழந்தைக இருமுனா கூப்புட்டு இனாமா ஒரு ஸ்பூன் ஊத்தறவன் நானு. அப்துல் நாசர்னா ஒருத்தனுக்கும் தெரியாது, ஸ்பூன் பாய்னாத்தான் தெரியும். அந்த மருந்து டெஸ்டுல தேறலியாமா.

— தேறலீன்னா தேறலதானுங்க.

— எதிர்க்கடை ஷாஜி பண்ணுன வேலை இது. போயி அவன் சட்டையப் புடிக்கறேன்.

— டெஸ்டுக்கு அனுப்போணும்னா நம்ம கடைல காசு குடுத்து வாங்கியிருக்கோணும். பில்லு வேணும். ஒரு ஃபீஸும் கட்டோணும்.

— நம்மகிட்ட பில்லு கேக்கற மகராசன் எவன்? நீ ஒருத்திதான் கேட்ட. பொண்டாட்டிக்கே பில்லான்னு கடையே சிரிச்சுது... ஐசு. இங்க பாரு.

— ஃபீஸும் நாந்தானுங்க கட்டுனேன்.

— நல்லாருக்குது. கட்டுன புருசனைக் காட்டிக் குடுக்க ஃபீஸ் வேற.

— பக்கத்தூட்டு மருதாத்தாள் பையனுக்கு நீங்க ஸ்பூன் ஊத்துன அடுத்த நாளே ஒண்ணுக்குப் போகாம வகுறு ஊதிப் போச்சு. இப்பத்தான் தேறி ஊட்டுக்கு வந்திருக்கான்.

— அவனைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே நாந்தான். அங்க நின்னு அழுதனே, அதைப் பாக்கலியா நீ?

— பாத்தேன். போறப்ப ஆப்பிள் வாங்குனீங்க. இருமல் இன்னும் நிக்கலியாம், பாவம்னு, அதே மருந்துல ஒரு பாட்டிலையும் பையில வெச்சீங்க.

— வெச்சேன்... யா அல்லா. நாங் குடுத்தேன்னு அவிங்க அதையும் அவனுக்கு...

— அந்தப் பாட்டிலுக்குத்தானுங்க பில்லு கேட்டேன். பையில ஆப்பிள் மட்டுந்தான் போச்சு.