இருபத்தெட்டு டிகிரி

எங்கள் கூரையில் நீங்கள் விரித்துவிட்டுப் போன கறுப்புப் பாய்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டன, ஓர் இணைப்பில்கூடக் கசிவு இல்லை. இதை முதலில் சொல்லிவிட நினைத்தேன். உங்கள் வேலையைப் பற்றி இந்த வீட்டிலிருந்து கடைசியாக உங்கள் காதில் விழுந்தது வேறு மாதிரியானது.

என்னை நினைவிருக்கும். பின்பக்கம் நீச்சல் குளம் இருக்கும் வீடு, அக்காவும் தங்கையும் மட்டும். அக்காவுக்குக் கால் சரியில்லை. நான் தங்கை. முதல் நாள் நீங்கள் என்னை மேடம் என்று கூப்பிட்டபோது அக்கா சிரித்தாள். "மேடமா? அவ பேரு பாப்பா. நாப்பத்தாறு வயசுப் பாப்பா." உங்களால் அப்படிக் கூப்பிட முடியவில்லை. யோசித்துவிட்டு, "அப்போ நீங்க பெரியக்கா, அவங்க சின்னக்கா" என்றீர்கள். அன்றிலிருந்து வேலை முடியும்வரை அதுதான்.

அந்தக் குளத்தை அப்பா அக்காவுக்காகக் கட்டினார். அவள் பந்தயங்களில் நீந்தினாள், பிறகு குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தெட்டு வயதில் நரம்பு நோய் வந்தது. நான் வந்து சேர்ந்தேன். என் தொழில் அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது. எந்த ஊரிலும் எந்த மேசையிலும் செய்யலாம். வார்த்தைகளைவிட எண்களில்தான் நான் கெட்டி. பதினேழு எழுபதாகி இருந்தால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் உறுத்தும்.

நீந்தினால் கால் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் இந்த நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் நரம்பு சோர்ந்து கால் துவண்டுவிடும். தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இருபத்துநான்குக்குக் கீழே போனாலும் தசை இறுகிவிடும். அதனால் வருடத்தில் நான்கு குளிர் மாதங்கள் அவள் குளத்தில் இறங்க முடியாது. "எட்டு மாசம் ஏணியில ஏறுறேன், நாலு மாசம் பாம்பு வாயில விழுறேன்" என்பாள் அக்கா. "ஏதாவது வழி இருக்கான்னு பாரேன் பாப்பா."

மூன்று வாரம் பார்த்தேன். எரிவாயுக் கொதிகலன் வேகமாகச் சூடாக்கும், ஆனால் தினமும் எரிக்க வேண்டும். மின்சார யந்திரம் இரையும். கூரையில் வெயிலுக்கு வைக்கும் கண்ணாடி போட்ட பெட்டிகள் குளியலறை வெந்நீருக்கு ஆகும், குளத்துக்கு அவை அதிகம். கடைசியில் இந்தக் கறுப்புப் பாய்கள். குளத்தின் பம்பே தண்ணீரைக் கூரைக்கு ஏற்றுகிறது, பாய்க்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் அது வெயில் காய்ந்து திரும்பி வருகிறது. எளிமையாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் கூரையில் ஏறி அளந்துவிட்டு, குளத்தின் பரப்பில் பாதி அளவுக்குப் பாய் போதும் என்றீர்கள். நான் முழு அளவு கேட்டேன்.

"முழுசும் போட்டா கோடையில வெந்நீர் ஆயிடும் சின்னக்கா."

"அதுக்குத்தானே சூட்டைக் கட்டுப்படுத்துற பெட்டி வெக்கிறீங்க?"

அப்போது என் மனதில் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் சூடு போதாமல் போய்விடக் கூடாது என்றுதான் கேட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

பம்பு அறைச் சுவரில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை மாட்டி, ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். தண்ணீர் எத்தனை டிகிரி வரை சூடாகலாம் என்று அதில் வைத்துவிட்டால், அதைத் தாண்டியதும் பெட்டியே தண்ணீரைக் கூரைக்கு அனுப்பாது. இருபத்தெட்டு வைத்தீர்கள். "இதுக்கு ஞாபகம் கிடையாது. நேத்து என்ன வெச்சிருந்தீங்கன்னு கேட்டா சொல்லாது" என்று சொல்லி, அழியாத மையில் மூடியின் உள்பக்கம் 28 என்று பெரிதாக எழுதினீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். சாயங்காலம் குளத்தின் மேல் இழுத்துவிடும் பிளாஸ்டிக் போர்வையைக் காலையில் மறக்காமல் சுருட்டிவிட வேண்டும். "அது கெடந்தா பெட்டி என்ன சொன்னாலும் வெயில் விடாது. தண்ணி பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்."

அக்காவின் கைகால்களுக்குச் சூடும் குளிரும் தெரியாது. நோய் அதையும் எடுத்துக்கொண்டிருந்தது. சின்ன எண்களைக் கண்ணும் பிடிக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். அவள் தொப்பி மாட்டிக்கொண்டு குளத்தோரப் பெஞ்சில் உட்காருவாள். "எவ்வளவு பாப்பா?" என்பாள். நான் கயிற்றில் மிதக்கும் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இறங்குவாள். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் கேட்காமல் இறங்கியதில்லை. ஒரு நாளும் தானே எட்டிப் பார்த்ததுமில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் நீந்தினாள். முதலில் கோலை ஊன்றி வாசல் கதவுவரை நடந்தாள். பிறகு கோல் இல்லாமல். "இந்தக் கோலை நீ வெச்சுக்கோ, நாய் துரத்த ஆகும்" என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். குளிர் விலகும்போது, வேறு ஊரில் ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் ஆசிரியை வேண்டும், வளாகத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை தருகிறோம் என்று. அவள் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரண்டு தடவை படித்தேன்.

"பதினோரு வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்துட்டே. இனிமேலாவது உன் வாழ்க்கையப் பாரு பாப்பா."

எனக்கு சந்தோஷம் என்று சொன்னேன். பிறகு பாத்திரம் கழுவினேன். எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. என் வாழ்க்கை என்று அவள் எதைச் சொன்னாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மேசை இருந்தது. மற்றவர்கள் எழுதிய பக்கங்கள் இருந்தன. மற்றதெல்லாம் அவள்தான்.

கோடையின் முதல் வாரத்தில் ஒரு நாள் போர்வையைச் சுருட்ட மறந்துபோனேன். உண்மையாகவே மறந்ததுதான். மாலையில் தெர்மாமீட்டர் முப்பது காட்டியது. அக்கா தொப்பியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நீந்தாவிட்டால் முகம் வாடிவிடும். "இருபத்தெட்டு" என்றேன்.

நீந்திவிட்டுப் படியேறும்போது அவள் முழங்கால் மடிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அந்தக் கை என் தோளில் பட்டதில்லை. அதன் கனம் எனக்கு மறந்தே போயிருந்தது. பெஞ்சில் உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீரில் துண்டை நனைத்துப் பிடரியில் போட்டேன். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் போர்வையைச் சுருட்டினேன். தண்ணீர் இருபத்தெட்டில் இருந்தது. அதையே சொன்னேன். நீந்தி முடித்ததும் என்னைத் தாண்டித் தானாகவே வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து முப்பது வைத்தேன்.

மூடியில் நீங்கள் எழுதிய எண், தூசி துடைக்கும்போது அழிந்தது என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தூசி துடைத்தால் போகிற மை இல்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். கால் மணி நேரம் ஆனது.

பிறகு முப்பத்தொன்று. இரண்டு வாரம் கழித்து முப்பத்திரண்டு. அவளைக் கெடுப்பது என் எண்ணம் இல்லை. சூட்டினால் வரும் சோர்வு சில மணி நேரத்தில் விலகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிலைக்காத ஒன்றைத்தானே செய்கிறேன் என்று இருந்தேன். அவள் கொஞ்சம் சோர்வாள், நான் பிடித்துக்கொள்வேன், இரவுக்குள் சரியாகிவிடுவாள். பள்ளிக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் போவாள். அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காதது அவளுடைய விடாமுயற்சி. கால் தளரத் தளர அவள் அதிகமாக நீந்தினாள். "இன்னும் நாலு சுத்து போறேன். விட்டா ஒரேயடியா விட்டுடும்" என்பாள். நான் கரையில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக்கொடுத்தேன்.

மருத்துவர் நோய் திரும்புகிறது என்று நினைத்தார். அவளுக்கு முன்னாலேயே என்னிடம் கேட்டார். "தண்ணி எத்தனை டிகிரில இருக்கு?"

"இருபத்தெட்டு."

"அவ எண்ணுல தப்பே பண்ண மாட்டா டாக்டர்" என்றாள் அக்கா. "அவ தொழிலே அதுதான்."

மாத்திரையைக் கூட்டினார். அவள் முகம் வீங்கியது. பள்ளிக்கு ஒரு மாதம் தவணை கேட்டுக் கடிதம் எழுதினாள். அவள் சொல்ல நான்தான் எழுதினேன். பிழை எதுவும் இல்லை.

விழுந்த அன்று முப்பத்துநான்கு. பதினான்கு சுற்று முடித்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி மூன்றாவது படிக்கு வந்தாள். நான் இரண்டடி தள்ளித் துண்டோடு நின்றேன். அவளுடைய வலது தொடை நடுங்குவது தெரிந்தது. அந்த நடுக்கத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று இந்த உலகத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கையை நீட்டியிருக்கலாம். கூப்பிடட்டும் என்று நின்றேன். பாப்பா என்று ஒரு தடவை அவள் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவள் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறப் பார்த்தாள். அந்தப் படியின் விளிம்பில் இடுப்பெலும்பு உடைந்த சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் தெர்மாமீட்டரைத் துணி துவைக்கும் கல்லில் தட்டி உடைத்துவிட்டேன். பெட்டி நினைவுக்கு வரவில்லை.

எங்கள் அண்ணன், பெரியப்பா மகன், வந்தார். தண்ணீரில் கையை விட்டவர் சட்டென்று எடுத்தார். "என்ன இது, குளமா அண்டாவா?" அவர்தான் உங்கள் கம்பெனிக்கு ஃபோன் செய்தார். நீங்களும் உங்கள் மேலாளரும் வந்தீர்கள். பெட்டியைத் திறந்து முப்பத்துநான்கைப் பார்த்தீர்கள். பிறகு மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தீர்கள். அது சுத்தமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"ஒரு நோயாளி இறங்குற தண்ணில இப்படியா வெச்சுட்டுப் போவீங்க? கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார் அண்ணன்.

"இருபத்தெட்டுலதான் வெச்சேன் சார். மூடியில எழுதியும் வெச்சேன்." உங்கள் குரல் உயரவில்லை. "சின்னக்கா, நீங்க சொல்லுங்க."

நான் குழாய் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேலாளர் பம்பை நிறுத்தினார். பாய்களில் தங்கியிருந்த தண்ணீர் கூரையிலிருந்து இறங்கத் தொடங்கியது. அது முழுவதும் இறங்க நேரமாகும். அந்தச் சத்தம் ஓயும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள். எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

"எனக்கு இந்தப் பொத்தான் எதுவும் தெரியாது" என்றேன்.

நீங்கள் திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். உங்களை வேலையைவிட்டு நிறுத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போன மாதம் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் உங்களைப் பார்த்தேன். யாருக்கோ குனிந்து வாஷர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாளிகள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான் அங்கிருந்து வெளியே வரும்வரை கடையில் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள்.

மருத்துவமனையில் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். "நீ தெனமும் பாத்துத்தானே சொன்னே?"

"தெர்மாமீட்டரும் கெட்டுப்போயிருந்துச்சுக்கா."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "பெட்டியும் கெட்டு அதுவும் கெட்டா நீ என்ன பண்ணுவே பாப்பா." அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில்தான் நான் இன்னும் நிற்கிறேன்.

இரண்டு அறுவைச் சிகிச்சை, பதினான்கு மாதம். பள்ளியில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் என் தோளைப் பிடித்துத்தான் மாறுகிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் கேட்டது இதைத்தான் என்று அந்தக் கைக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்தாலும் சரி. உங்கள் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவிடம் நானே சொல்வேன். அவள் கொஞ்சம் தேற வேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறேன். எலும்பு கூடிவிட்டது, தண்ணீரில் நடந்து பழகினால் மறுபடி எழுந்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று முதல் நாள். அண்ணன் ஆள் வைக்கிறேன் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை பாப்பா மட்டும் பாத்துக்கட்டும். வேற யாரையும் நம்புறதா இல்லை" என்று சொல்லிவிட்டாள். அவள் தானாக நடந்து வாசல் கதவைத் தொடுகிற அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவேன்.

புதுத் தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன். பெட்டியில் இருபத்தெட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய அதே இடத்தில், அழியாத மையில், நானே 28 என்று எழுதியிருக்கிறேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது கேட்பாள்.

குளத்துப் போர்வையை மட்டும் நான்கு நாளாகக் காலையில் சுருட்டவில்லை. காற்றடிக்கிற காலம், தண்ணீரில் குப்பை விழுந்துவிடும் என்றுதான்.