கண்ணால் கண்டவன்

நீண்ட லென்ஸை முக்காலியில் பூட்டியதும் அதன் பக்கத்திலுள்ள அதிர்வு தடுக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். கையில் பிடிக்கும்போதுதான் அது உதவும். முக்காலியில், இல்லாத அசைவைத் தேடிப் படத்தைக் கலைத்துவிடும். பலருக்கு இது தெரிவதில்லை. நீங்கள் லென்ஸைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

கனடாவிலிருக்கும் மகன் டிலோஜன், பறவை பார்க்க என்று அனுப்பியது. தாழ்வுபாட்டில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் முழுவதும் தெரியும். வெயில் ஏறினால் நீருக்கு மேல் காற்று நடுங்கும். அதை எந்த லென்ஸும் வெல்லாது. ஆகவே காலையில்தான் ஏறுவேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் இடர்ப்பட்டவன் துடுப்பில் சட்டையைக் கட்டி உயர்த்துவான். கண்ணால் கண்டவன் போயே ஆகவேண்டும். போகாதவன் கோயில் வாசலில் முழங்காலில் நிற்பான். சங்கத் தலைவனாக அதைக் காத்தவன் நான். என் தம்பியையே முழங்காலில் நிறுத்தினேன்.

பஸ்ரியன் என் மகள் ஜெசிக்காவைக் கோயிலுக்குத் தெரியாமல் அரசாங்கக் கந்தோரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அதைப் பொறுத்தேன். ஆனால் திருநாளில் மாதாவின் சொரூபம் வைத்த கூட்டை முன்தண்டில் தாங்குவது எங்கள் குடும்பத்து உரிமை. பாட்டன் காலத்திலிருந்து வேறு தோள் பட்டதில்லை. போன வருடம் அவன் என் அருகே வந்து, "மாமா, முழங்கால் ரெண்டும் தாளம் போடுது. விடுங்கோ, மாதா பயப்பிடப்போறா" என்றான். சனம் சிரித்தது. பங்குச் சுவாமியும் சிரித்தார். அவன் தோள் கொடுத்தான். கூடு ஆடாமல் போனது.

பிறகு தை மாதம் வந்தது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் வாடைக்காற்று. லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்தபோது கவிழ்ந்த வள்ளத்தின் மேல் பஸ்ரியன் இருந்தான். துடுப்பில் சட்டை கட்டியிருந்தான். முக்காலியின் திருகாணியை இறுக்கினேன். இல்லாவிட்டால் லென்ஸ் தன் பாரத்தில் மெல்லச் சரியும். வெயில் கண்ணாடியில் பளிச்சிட்டிருக்க வேண்டும். அவன் எங்கள் மாடியைப் பார்த்துத் துடுப்பை ஆட்டத் தொடங்கினான். லென்ஸின் வாயில் மாட்டும் கறுப்புக் குழலை எடுத்து மாட்டினேன். கண்ணாடியில் வெயில் படாமல் இருக்கத்தான் அது.

ஜெசிக்கா பாதிப் படியில் நின்று கேட்டாள்.

"அப்பா, அவரின்ர வள்ளம் தெரியுதோ?"

"என்ர கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை."

வள்ளங்கள் அவனைத் தேடித் தலைமன்னார்ப் பக்கம் போயின. நான் திசை காட்டவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

இந்தத் திருநாளில் முன்தண்டு மறுபடி என் தோளுக்கு வந்தது. பாரம்தான். களைத்துவிட்டேன், ஐயா. அதனால்தான் நானாகவே வந்தேன்.

ஆனால் மகளுக்குப் பொய் சொன்னேன் என்று எழுதாதீர்கள். எங்கள் குடும்பத்தில் பொய் இல்லை. கண்ணால் கண்டவன் என்றுதான் கட்டுப்பாடு. அவள் கேட்டதும் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்து, வெறுங்கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கடல் மட்டுமே இருந்தது. அவள் இறங்கிப்போன பிறகுதான் மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தேன். துடுப்பு சாயும்வரை எடுக்கவில்லை. முக்காலி நல்ல முக்காலி. படம் கொஞ்சமும் ஆடவில்லை.