ஆமை நின்ற இடம்

தலைவர்: ...இதுக்குப் பேர் வண்டி ஓட்டுறதா? கேக்கறேன்ல, சொல்லு. இதுக்குப் பேர் வண்டி ஓட்டுறதா?

சாரதி: நான் என்ன சார், ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா உட்கார்ந்திருந்தேன்? அது செவ்வாய்ல இருக்கு, நான் இங்க இருக்கேன். சாயங்காலம் கட்டளையை அனுப்பிட்டு வீட்டுக்குப் போறோம். காலையில வந்து படத்தைப் பார்த்தாத்தான்...

தலைவர்: பாரு! நல்லாப் பாரு. என்ன தெரியுது?

சாரதி: சக்கரம்.

தலைவர்: எங்க இருக்கு?

சாரதி: ...மணல்ல.

தலைவர்: மணல் மேலயா, மணலுக்குள்ளயா?

சாரதி: உள்ள சார்.

தலைவர்: சக்கரம் சுத்துது சுத்துதுன்னு கணக்குக் காட்டுது, வண்டி ஒரு அடி நகரல. இந்நேரம் நம்ம ஆமை எங்க இருக்கணும்?

சாரதி: மேட்டுல... பாதி வழியில.

தலைவர்: இப்ப எங்க இருக்கு? நேத்து கிளம்பின இடத்துலேர்ந்து ரெண்டு வீடு தள்ளி! வாம்மா, வா. உன்னைத்தான் தேடினேன். ஆபீஸே கல்லக்கா கல்லக்கான்னு உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. நீ வரைஞ்சு குடுத்த தரையோட லட்சணத்தைப் பாரு.

கல்லக்கா: பார்த்தேன் சார். படி ஏறும்போதே போன்ல பார்த்தேன். கை கால் ஓடல எனக்கு.

தலைவர்: எனக்கு மட்டும் ஓடுதா? அடுத்த வாரம் அமைச்சர் வர்றார். மேட்டு விளிம்புல நின்னு, கீழ பள்ளத்தாக்கு முழுசும் தெரியற மாதிரி ஒரே ஒரு படம். அதைத்தானே கேட்டேன்? சுவர்ல மாட்டுறதுக்குச் சட்டம்கூட வந்து இறங்கியாச்சு. அதுக்குள்ள எதை மாட்டட்டும்? இந்தச் சக்கரத்தையா?

கல்லக்கா: எனக்கும் வயிறு எரியுது சார். ஆனா படத்துக்காக இல்ல.

தலைவர்: பின்ன?

கல்லக்கா: படம் பிடிக்கவா அத்தனை தூரம் அனுப்பினோம் அதை? கல்யாண வீட்டு போட்டோகிராபரா அது? கையில துளைபோடுற கருவி இருக்கு. கல்லைப் பொடி பண்ணி, சூடாக்கி, உள்ள என்ன இருக்குன்னு சொல்ற அடுப்பு வயித்துக்குள்ள இருக்கு. அதைப் போய் அங்க நில்லு, இங்க நில்லு, கொஞ்சம் சிரின்னு...

தலைவர்: ஆரம்பிச்சுட்டியா?

கல்லக்கா: ஆரம்பிக்கிறேன் சார்! இதோ, சக்கரத்துக்குப் பக்கத்துல வரி வரியா நிக்குதே, முந்தாநாள் இந்த வரிக்கல்லைப் பார்த்ததும் என்ன கேட்டேன்? ஒரு துளை. ஒரே ஒரு துளை. மெல்லிசு மெல்லிசா, ஒண்ணு மேல ஒண்ணா எவ்வளவு வரி! அசையாம நின்ன தண்ணிக்கு அடியில சேறு படிஞ்சாத்தான் இப்படி வரும்னு தோணுது. தோணுதுன்னுதான் சொல்ல முடியும். துளை போட்டாத்தானே ஆமா, இல்லன்னு சொல்ல முடியும்?

தலைவர்: திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்னுதானே...

கல்லக்கா: எப்ப திரும்பி வந்திருக்கு சார்? ஒரு கல்லுக்காவது திரும்பி வந்திருக்கா? பள்ளத்துல வெள்ளையா ஒண்ணு கிடந்துச்சு. அப்புறம்னீங்க. நடுவுல பிளந்துக்கிட்டு, வா வந்து பாருன்னு ஒண்ணு கிடந்துச்சு. அதுக்கும் அப்புறம்தான். உங்க அப்புறம் எல்லாம் அங்க அநாதையாக் கிடக்கு!

சாரதி: சார், அவங்க கல்லுப் புராணத்தைப் பொறுமையா கேட்டுக்கலாம். அந்த இடத்துக்கு வரைபடத்துல என்ன கலர் போட்டாங்கன்னு முதல்ல கேளுங்க. கெட்டித் தரைன்னா பச்சை, மணல்னா மஞ்சள். இதுதானே நம்ம வழக்கம்?

தலைவர்: என்னம்மா போட்ட?

கல்லக்கா: ...பச்சை.

சாரதி: கேட்டுக்கங்க!

கல்லக்கா: மேல தோல் மாதிரி இறுகித் தெரிஞ்சுது. அதனால போட்டேன். உன்னை யாருடா கல்லை உரசிக்கிட்டுப் போகச் சொன்னா? அந்தப் பக்கம் அவ்வளவு அகலமா வழி இருந்துச்சே!

சாரதி: பச்சைன்னு போட்டா நான் போவேன். மஞ்சள்னா சுத்திக்கிட்டுப் போவேன். என் வேலை அவ்வளவுதான்கா.

கல்லக்கா: உனக்குன்னு ரெண்டு கண்ணு இல்ல? மாட்டு வண்டிக்காரன்கூடக் குனிஞ்சு தரையைப் பார்ப்பான்!

சாரதி: அவனுக்குத் தரை தப்பாச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லையே!

கல்லக்கா: வாயை அளந்து பேசு!

சாரதி: நீங்க முதல்ல தரையை அளந்து சொல்லுங்க!

தலைவர்: நிறுத்துங்க ரெண்டு பேரும்! இது ஆபீஸா, குழாயடியா? இதுக்குத்தானே ஒரு வழக்கம் வெச்சேன்? கட்டளை கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து சரின்னு சொல்லணும். ஒருத்தர் பொறுன்னு சொன்னாலும் நிறுத்திடுவோம். நேத்து யாரு பொறுன்னு சொன்னீங்க?

சாரதி: நீங்களும் சரின்னுதான் சார் சொன்னீங்க.

தலைவர்: நான் உங்களை நம்பிச் சொன்னேன்! ...தண்ணி எங்க இருக்கு? குடு. ...சரி. வெளிய எடுக்க எவ்வளவு நாள் ஆகும்?

சாரதி: அவசரப்பட்டா இன்னும் முழுகிடும் சார். இத்தனூண்டு சுத்தணும், படம் எடுக்கணும், அது வந்து சேரணும், பார்க்கணும். அப்புறம் மறுபடி இத்தனூண்டு.

தலைவர்: அமைச்சர் வர்றதுக்குள்ள?

சாரதி: வாய்ப்பே இல்ல.

தலைவர்: கிழிஞ்சுது. அதுவரைக்கும் அது என்ன பண்ணும்?

சாரதி: கால்தானே சார் மாட்டிக்கிட்டிருக்கு? கை சும்மாத்தான் இருக்கும்.

தலைவர்: கை... ஏம்மா, அங்கேர்ந்து கை உன் கல்லுக்கு எட்டுமா?

கல்லக்கா: எட்டும்னுதான் நினைக்கிறேன். எனக்கு இப்ப அதுல மனசே இல்ல சார்.

தலைவர்: மனசு இல்லையாம்! இவ்வளவு நேரம் என் உயிரை வாங்கினது யாரு? போடு, துளையைப் போடு. வர்றவருக்கு நான் எதையாவது காட்டியாகணும். நீ சொல்ற மாதிரி தண்ணி, சேறுன்னு ஏதாவது வந்தா நம்ம மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

கல்லக்கா: ...சரி சார்.

தலைவர்: தம்பி, நீ ஒண்ணு கேட்டுக்க. ஆமை வெளிய வந்தா நீ இந்த மேஜையில இருப்ப. வரலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல. நான் போய் அமைச்சர் ஆபீஸ்ல வாங்கிக் கட்டிக்கறேன். கதவைச் சாத்திக்கிட்டு அடிச்சுக்கங்க, வெளிய கேக்குது.

கல்லக்கா: போயிட்டாரா?

சாரதி: லிஃப்ட்ல ஏறிட்டார். என்னக்கா, கண்ணு எல்லாம் கலங்கி...

கல்லக்கா: மாட்டு வண்டிக்காரன்னு சொல்லிட்டேன்டா உன்னை.

சாரதி: அதுக்கா அழறீங்க? எங்க வீட்ல இதை விட மோசமாத் திட்டுவாங்க.

கல்லக்கா: விளையாடாத. நான் இப்பவே கீழ போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.

சாரதி: என்ன உண்மை?

கல்லக்கா: அது மணல்டா. பார்த்த உடனே தெரிஞ்சுது எனக்கு, வெறும் மணல். அப்படியும் கெட்டித் தரைன்னு போட்டேன்.

சாரதி: அக்கா, மெதுவா...

கல்லக்கா: என்னால தாங்க முடியலடா! நான் கல்லு படிச்சவ. உடைச்சுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, யாரும் கவனிக்கலேன்னா நாக்குல வெச்சுக்கூடப் பார்த்துப் படிச்சவ. அங்க எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு கைதான். அதை இழுத்துக்கிட்டுப் படம் பிடிக்கப் போறாங்களேன்னு பத்திக்கிட்டு வந்துச்சு. மணல்ல கொஞ்சம் சறுக்கும், தடுமாறும், ஒரு நாள் கிடைக்கும், அதுக்குள்ள எப்படியாவது கேட்டு வாங்கிடலாம்னு நினைச்சேன். இப்படி முழுகும்னு நினைக்கலடா.

சாரதி: உட்காருங்க முதல்ல.

கல்லக்கா: எப்படி உட்கார? ஒரு கல்லுக்காக அந்த வண்டியையே கொன்னுட்டேன். உன் வேலைக்கும் உலை வெச்சுட்டேன். மணல்ல மாட்டின வண்டி அப்படியே கிடந்து செத்துப் போகும்னு எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லு. அது வெளிய வருமா, வராதா?

சாரதி: எங்கக்கா மாட்டியிருக்கு, வெளிய வர? மணல் எது, தரை எதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்பணுமா? நீங்க பச்சை போட்டதைப் பார்த்ததுமே, வண்டி அந்தக் கல்லுகிட்ட நிக்கணும்னுதான் போட்டீங்கன்னு புரிஞ்சு போச்சு. கை எட்டற தூரத்துல, நல்ல கெட்டிப் பாறை மேல நிறுத்திட்டேன். முன் சக்கரம் ரெண்டை மட்டும் மணல் ஓரத்துல விட்டு, நின்ன இடத்துலயே சுத்த வெச்சேன், அவர் கண்ணுக்குப் புதைஞ்ச மாதிரி தெரியட்டும்னு. பின்னாடி வான்னு ஒரு கட்டளை போட்டா வந்துடும். கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் துளையைப் போடுங்க... நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் அது மாட்டிக்கிட்டுத்தான் இருக்கும்.