சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி

"ஹலோ... ஆமா, வெண்டல்தான். யாரு... அட, மெர்ல்! ஃப்ளோரிடாவுலேர்ந்து எப்ப வந்தே? ... கத்தாதப்பா, காது கிழியுது. ... என்னது கெடைச்சுது? ... மூடியா?"

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓஹையோவில் பழைய கண்ணாடிச் சாமான் சந்தை எங்கே கூடினாலும், மெர்ல் போன்ற வியாபாரிகளிடம் அவர் மனைவி ஆர்டித் முதலில் கேட்பது தன் சர்க்கரைக் கிண்ணத்துக்கு இல்லாத அந்த மூடியைத்தான்.

"போன தடவை ஊறுகாய் ஜாடி மூடியைக் கொண்டுவந்து நீட்டினியே, அந்த மாதிரி இல்லையே? ... ம்... ம்... திராட்சைக் கொடி, சரி. மேல பிடி என்ன? ... அணில். காது ரெண்டும் இருக்கா? ... நம்ம பெல்லேர் ஊர்லயேவா! இங்க ஆத்தங்கரைக் கண்ணாடிப் பட்டறையில அச்சுல அழுத்தினதை இங்கயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சிருக்கோம்... ஐயோ, மெர்ல்...

இல்ல, அவளால வர முடியாது. ... தூங்கல. ... தோட்டத்துலயும் இல்ல. நான் சொல்றதைக் கேளு. ... கேளுன்னா! ... பிப்ரவரியில போய்ட்டாப்பா. ... நெஞ்சுதான். ... உனக்கு எங்க சொல்லி அனுப்பறதுன்னு தெரியல. ... ஆமா... ஆமா... அழாதே. நீயும் அழுதா நான் யார்கிட்ட பேசறது?

... கிண்ணமா? அது இங்க இல்ல. ... விக்கல. யாரு வாங்குவா? மூடியில்லாததை நீயே திரும்பிப் பாக்க மாட்டே. வெண்ணெய்த் தட்டு, பால் குவளை, கரண்டி நிறுத்தற குவளை எல்லாத்தையும் மக எடுத்துக்கிட்டா. இதை மட்டும் வேணாம்னுட்டா. அதான்... ஆர்டித் கையிலயே கொடுத்து அனுப்பிட்டேன். ... ஆமா. சவப்பெட்டியிலதான்."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்ன சொன்னே? ... தோண்டறதா? வாயைக் கழுவு! ... சரி, சரி, விடு. கோவமில்ல. ... இல்லல்ல, வேற யாருக்கும் கொடுத்துடாதே. ... கிண்ணம் இல்லாத மூடி எதுக்குன்னு எனக்கு மட்டும் தெரியாதா? மடத்தனம்தான். நீ கொண்டு வா. ... காகிதம் வேணாம், பழைய துணியில சுத்து. ... அழுக்கா இருந்தா இருக்கட்டும். சுடுதண்ணி படக் கூடாது, விரிசல் விட்டுடும். நீ ஒண்ணும் பண்ணாதே, மெர்ல். அப்படியே எடுத்துட்டு வா. ஆர்டித் பதமா கழுவி..."

வெண்டல் ரிசீவரை வைத்துவிட்டார்.