நாற்பது வரிகள்

– மறுபடியும் காணோம் மாப்ளே. நீயே பாரு. நேத்து காலையில இந்தக் கம்ப்யூட்டர்ல நாப்பது வரி பேசிப் பதிஞ்சு வெச்சேன். ஒண்ணுகூட இல்ல.

– கொஞ்சம் நகருங்க அத்தான், நான் உக்கார்றேன். நீங்க பேசாதீங்க. கேக்குறதுக்குத் தலையை ஆட்டுனாப் போதும்.

– தலையாட்ட நாளன்னைக்கு ஆப்பரேஷன் முடிஞ்சதும் நிறைய நேரம் இருக்கு. இன்னைக்குப் பேசிக்கிறேன்.

– உங்க இஷ்டம். அக்கா, அந்த ஃபேனை நிறுத்தேன். மைக்ல காத்து அடிக்குது.

– நிறுத்திட்டேன்டா.

– ம், பார்ப்போம். புரோகிராம் திறக்குது. ஒண்ணு, ரெண்டுன்னு வரி நம்பரெல்லாம் ஒழுங்கா இருக்கு. உள்ள சத்தம்தான் இல்ல. ஆடியோ ஃபைல் கிடைக்கலைன்னு சொல்லுது. வாசல்ல பேர்ப் பலகை தொங்குது, வீட்டுக்குள்ள ஆள் இல்ல.

– முந்தாநாளும் இதே கதைதான். அதுக்கு முந்தின நாளும் இதே கதைதான். ஆஸ்பத்திரியில நூறு வரி கேட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நான் மூணு நாளா முதல் நாப்பதையே திரும்பத் திரும்பப் பேசிட்டு இருக்கேன்.

– அனுப்பிட்டா அவங்க அதை வெச்சு உங்க குரலையே செஞ்சு குடுத்துடுவாங்கல்ல?

– அப்படித்தான் சொன்னாங்க. குரல்வளையை எடுத்ததுக்கப்புறம் போன்ல எழுதித் தட்டுனா என் குரல்லயே பேசுமாம். அவ்ளோதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

– பேசி முடிச்சதும் சேவ் பண்ணீங்களா? கோச்சுக்காதீங்க, கேட்டுத்தானே ஆகணும். வண்டியை நிறுத்திட்டு ஹேண்ட்பிரேக் போடாம இறங்குறவங்க இருக்காங்க.

– இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்துனவன் நான். எனக்கே ஹேண்ட்பிரேக்கா? சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்தேன்.

– சரி, சரி. டிஸ்க்ல பாதிக்கு மேல காலி. வைரஸ் தடுப்பு எதையும் பிடிச்சு வைக்கல. மைக்கைப் பார்த்துடுவோம். ஒரு வரி சொல்லுங்க.

– சொன்னா ஒரு தடவையில புரியாதா உனக்கு?

– என்ன அத்தான்?

– உன்னை இல்லப்பா. அது பதினோராவது வரி.

– ஓ. நல்லா விழுந்திருக்கு. கரகரப்பு இருக்கு, ஆனா உங்க குரல்தான், மாறல. சேவ் பண்றேன். மூடிட்டுத் திறக்குறேன். அட, இருக்கே. அப்ப புரோகிராம்ல கோளாறு இல்ல.

– அப்ப என் ஃபைல் எங்க போச்சு?

– குப்பைத் தொட்டியிலயும் இல்ல. சுத்தமா காலி. ஒரு நிமிஷம், அழிஞ்ச ஃபைலைத் தோண்டி எடுக்குற புரோகிராம் பென்டிரைவ்ல வெச்சிருக்கேன். ஓட விடுறேன். திரும்ப வராட்டியும் எப்ப அழிஞ்சதுன்னாவது தெரியும்.

– எவ்ளோ நேரம் ஆகும்?

– வந்துட்டே இருக்கு. நேத்து ரெண்டு பதினேழு. முந்தாநாள் ரெண்டு இருபது. அதுக்கு முந்தின நாள் ரெண்டே கால். எல்லாமே மதியம்.

– மதியம் நான் மாத்திரை போட்டுத் தூங்கிடுவேனே.

– அதான் அத்தான் இடிக்குது. கம்ப்யூட்டர் கோளாறுன்னா நீங்க தூங்குற நேரம் பார்த்து வராது. ஃபைலை அழிச்சு, அப்புறம் தொட்டியையும் காலி பண்ணியிருக்கு. இது யாரோ கையால செஞ்சது. அந்த நேரத்துல வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?

– யாரும் வரலடா. நான்தான். பென்டிரைவை எடுத்துக்கோ.

– அக்கா?

– மூணு நாளும் நான்தான் அழிச்சேன்.

– தெரியாம கை பட்டிருக்கும் மாப்ளே. இவளுக்கு மவுஸைப் பிடிக்கக்கூட வராது.

– வருங்க. உங்க ஸ்கூல் பசங்களோட லைசென்ஸ் விண்ணப்பத்தை எல்லாம் பதினோரு வருஷமா இதே கம்ப்யூட்டர்ல நான்தான் நிரப்பி அனுப்புறேன்.

– ஏன்க்கா இப்படிப் பண்ணே?

– முதல் நாள் ஆசையாத்தான்டா கேட்டேன். அவர் தூங்குனதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தேன். எங்க போயிருந்தே? போன்ல யாரு? யாரைக் கேட்டு வாங்குனே? உனக்கு என்ன தெரியும்? வாயை மூடு. நாப்பதையும் கேட்டேன். ஒண்ணும் விடல.

– வீட்ல தினமும் பேசுறதையே பேசுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதைத்தான் பேசினேன். இதுல என் தப்பு என்ன?

– தப்பு ஒண்ணும் இல்லீங்க. நீங்க தினமும் பேசுறதையேதான் பேசியிருந்தீங்க.

– அக்கா, ஏதோ கோவத்துல செஞ்சுட்டே. விடு.

– கோவம் இல்லடா. அதெல்லாம் எப்பவோ தீர்ந்து போச்சு. இதுவரைக்கும் தொண்டை வலிச்சாலாவது கொஞ்ச நேரம் நிறுத்துவாரு. இனிமே வலியே இருக்காது. விரலால ஒரு தட்டு தட்டுனாப் போதும்.

– இத்தனை வருஷத்துல ஒரு நாள் என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?

– நீங்க நிறுத்துனாத்தானே நான் ஆரம்பிக்க?

– அத்தான், இருமாதீங்க. இந்தாங்க, தண்ணி. மெதுவா. நேத்து பேசுனது முழுசா மீண்டு வந்திருச்சு. நாப்பது வரியும் இருக்கு. நான் என்ன செய்யட்டும்? ரெண்டு பேர்ல யாராவது சொல்லுங்க.

– பத்திரமா எடுத்து வை. இவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்ச களைப்புல ஏதோ பேசுறா. மனசுல ஒண்ணும் கிடையாது. உனக்குத் தெரியாது மாப்ளே, டாக்டர் என் குரல் போயிடும்னு சொன்ன அன்னைக்கு, படிக்கட்டுல அப்படியே உக்காந்து அழுதா. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. நான் கண்ணால கண்டது. சொல்லு, அழுதியா இல்லையா?

– அழுதேங்க. இனிமே வீடு அமைதியா இருக்கும்னு நினைச்சதும் நிம்மதியில என்னால அடக்க முடியல.