சிவப்பு மையில் அடித்த ஆறு அளவுகள்

— மன்னிப்பா? என்கிட்டயா? வின்கெல்பவர் புரொபசர், வியன்னாவுல தெருவுக்கு ஒரு மாதா கோயில் இருக்க, பாவமன்னிப்புக்கு என் தையல் நூல் கடைதானா கிடைச்சுது?

— சிரிக்காதே கெர்லிண்டே. கேளேன். அந்தப் புத்தகத்தை நேத்துதான் படிச்சு முடிச்சேன்.

— எது? அறிவியல்னா என்னன்னு எங்களைப் பரீட்சையில பாடாப் படுத்துவீங்களே, அதுவா?

— அதேதான்.

— ஐயையோ! அப்ப அதைப் படிக்காமலா எனக்கு மார்க் குறைச்சீங்க?

— முன்னுரையைத் தாண்டினதில்ல. முப்பத்தாறு வருஷம் அதை வச்சே ஓட்டினேன். ஓய்வு வந்துது, பொழுது போகல, பென்சிலும் கையுமா உக்காந்தேன். நாப்பதாம் பக்கத்துலயே ஆள் காலி.

— அப்படி என்னதான் எழுதியிருக்கு?

— என் கணக்கு எங்கே உடையும்னு நானே தேடணுமாம். ஒத்துவராத அளவு வந்தா நாற்காலி போட்டு உக்கார வைக்கணும். கேளேன், நான் அதைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினவன்.

— என்ன சொல்றீங்க?

— கம்பியைக் குளிர வச்சு மின்தடை அளந்தியே, அந்த நோட்டு என்கிட்டதான் இருக்கு. பிப்ரவரி பதினொண்ணு, வியாழக்கிழமை. உன் கையெழுத்துல ஆறு அளவு. ஆறும் வரைபடத்துல நான் போட்ட கோட்டை விட்டுக் கீழே இறங்குது. சிவப்பு மையில அடிச்சேன். மிச்சத்தை வச்சுக் கட்டுரை எழுதினேன். பதவி வந்துது, பேர் வந்துது. நீ ஒரே வாரத்துல ஆராய்ச்சியை விட்டுட்டுப் போயிட்ட.

— வியாழக்கிழமையா?

— நோட்டுல இருக்கே.

— புரொபசர், பழசைக் கிளறாதீங்க. உக்காருங்க, காபி போடறேன்.

— காபி கிடக்கட்டும். காலையிலயே இதழுக்குக் கடுதாசி போட்டுட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்கிக்கிறேன்னு. 'இதுல நேர்மையா எடுத்தது என் மாணவியோட அந்த ஆறு அளவு மட்டும்தான்'னு உன் பேரைப் போட்டு எழுதியிருக்கேன்.

— போட்டாச்சா? பெட்டியிலயா?

— என் கையாலயே. முப்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நெஞ்சு லேசாச்சு. ஏன் அழறே?

— அடிக்கும்போது, 'ஏம்மா இது மட்டும் இப்படி வந்துது'ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?

— கேக்கல. அதானே என் பாவம். அந்தக் கோபத்துலதானே நீ போன?

— கோபம் இல்ல புரொபசர், பயம். கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். அது நடன விழா சீசன். அந்த வியாழக்கிழமை பூரா வெள்ளை கவுன் மாட்டிக்கிட்டு வால்ட்ஸ் ஒத்திகையில இருந்தேன், கருவிப் பக்கமே போகல. ஆறும் டிராம்ல உக்காந்து வாய்க்கு வந்தபடி எழுதினது. ரொம்ப ஒத்துப்போனா சந்தேகப்படுவீங்கன்னு கொஞ்சம் கீழே இறக்கி எழுதினேன். சிவப்பு மையைப் பார்த்ததும், கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நினைச்சுத்தான் ஓடிப்போனேன்.